அறுந்து கூடும் நார்

சேலத்திலிருந்து கோவைக்குப் போகும் நெடுஞ்சாலையில் சங்ககிரியைக் கடப்பவர் கண்ணுக்கு இரண்டு தப்பாது: மலைக்கோட்டையும் லாரிகளும். இங்கிருந்து திருச்செங்கோடு, நாமக்கல் வரை விரியும் சமவெளி லாரியை நம்பிப் பிழைக்கும் நிலம். பாடி கட்டும் பட்டறைகள், ரிக் வண்டிகளுக்கான பட்டறைகள், டயர் கடைகள், உதிரிபாகக் கடைகள் என்று ஊருக்கு ஊர் தொடரும். 2018இல் மத்திய அரசு திருத்திய விதிப்படி நான்கு டயர் பூட்டிய ஓர் ஒற்றை அச்சு 11.5 டன் வரை சுமக்கலாம். ஒரு பக்கத்து ஹப்புக்கு ஐந்தே முக்கால் டன். அந்தப் பாரம் சுழலும் எஃகுக்கும் சுழலாத எஃகுக்கும் இடையே கைமாறும் இடம் வீல் பேரிங். அங்கே இருப்பது ஒரு கை கிரீஸ். அதில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு வெறும் எண்ணெய்தான். அந்த எண்ணெயை வழிந்தோட விடாமல் நிறுத்தி வைக்கும் மீதிப் பங்கு, பெரும்பாலான லாரி கிரீஸ்களில், ஆமணக்கு விதையிலிருந்து வந்த ஒரு கொழுப்புச் சோப்பு. கொழுப்பு மூலக்கூறுகள் யாரும் கோக்காமல் தாமாகச் சேர்ந்து, தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய நார்களாகி, ஒன்றையொன்று பின்னி நிற்கின்றன. அவற்றைப் பிணைக்கும் விசைகள் வேதியியலில் பலவீனமானவை என்று பெயரெடுத்தவை. அந்தப் பலவீனத்தால்தான் இந்தக் கட்டமைப்பு பாரம் தாங்கும் இடத்தில் உழைக்க முடிகிறது என்பதும், வலு என்றால் அறாமல் இருப்பது என்ற நம் பழகிய கணக்கு இங்கே செல்லாது என்பதும் நான் சொல்ல வருவது.

ஆமணக்கு இந்தப் பகுதிக்குப் புதியதல்ல. சேலத்துக்குக் கிழக்கே ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது, ஒய்.ஆர்.சி.ஹெச். 1 என்ற வீரிய ஒட்டு ரகம் அங்கிருந்து வந்ததுதான். சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளில் நிலக்கடலைக்கு ஊடுபயிராகவும் மஞ்சள், வெங்காயக் காடுகளின் ஓரத்திலும் நின்ற செடி அது. மழை ஏமாற்றினாலும் கொஞ்சமாவது கொட்டமுத்து கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை அதன் மேல் உண்டு. அந்த விதையிலிருந்து எடுக்கும் விளக்கெண்ணெயைச் சக்கரத்துக்குப் போடும் வழக்கமும் பழையது. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மை மாட்டுவண்டி இருசுக்குப் போடப்பட்டது. ஏன் கடலை எண்ணெய் இல்லை, விளக்கெண்ணெய் என்பதற்கு இன்று எண்ணில் பதில் சொல்லலாம். நாற்பது டிகிரி வெப்பத்தில் விளக்கெண்ணெயின் பாகுத்தன்மை கடலை எண்ணெயைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. சித்திரை வெயிலிலும் அது இருசை விட்டு ஒழுகிப்போகாது. காரணம் மிகச் சிறியது. இந்த எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம். அதன் பதினெட்டுக் கார்பன் கொண்ட சங்கிலியில் பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொங்குகிறது. ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், அவ்வளவுதான். பக்கத்து மூலக்கூறின் ஹைட்ராக்சிலை இது ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. அந்தப் பிடியும் விடுதலும்தான் எண்ணெயின் தடிப்பு.

உலோகத்தின் மேல் கொழுப்பு எப்படி நிற்கிறது என்பது தனி வரலாறு. 1891இல் ஜெர்மனியில், பல்கலைக்கழகம் எதையும் எட்டிப் பார்த்திராத ஆக்னஸ் பொக்கெல்ஸ், தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலத்தை நெருக்கி அதன் விசையை அளந்து எழுதியது நேச்சர் இதழில் வந்தது. 1917இல் இர்விங் லாங்மியூர் அந்தப் படலம் ஒரே மூலக்கூறு தடிமன் கொண்டது, மூலக்கூறுகள் தலை நீரிலும் வால் காற்றிலுமாக நிமிர்ந்து நிற்கின்றன என்று காட்டினார். ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டரை நானோமீட்டர் உயரம். நிற்க அதற்கு ஒரு சதுர நானோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இடம் போதும். இதே நிற்றலை உலோகத்துக்குக் கொண்டுவந்து, உராய்வு சங்கிலியின் நீளத்தோடு குறைகிறது என்று 1922இல் அளந்தவர்கள் வில்லியம் ஹார்டியும் ஐடா டபிள்டேயும். எஃகும் எஃகும் காய்ந்து உரசும்போது உராய்வுக் கெழு அரைக்கும் மேலே போகும். இடையில் ஒரு கொழுப்பு அமிலப் படலம் வந்தால் பத்தில் ஒன்றின் பக்கம் இறங்கிவிடும். அடுக்கு ஒன்றே என்றால் சில உரசல்களில் தேய்ந்து போகும். பல அடுக்கு இருந்தால் வெகுநேரம் தாங்கும்.

உராய்வு ஆய்வாளர்கள் பௌடனும் டேபரும் கண்ட இன்னொரு செய்தி நம் விஷயத்துக்கு நெருக்கமானது. 1940களில் அவர்கள் ஒரே கொழுப்பு அமிலத்தைப் பல பரப்புகளில் சோதித்தார்கள். பிளாட்டினம், கண்ணாடி போன்ற எதோடும் ஒட்டாத பரப்பில், அமிலம் உருகும் வெப்பம் வந்ததும் பாதுகாப்பு போய்விட்டது. துத்தநாகம், செம்பு போன்ற வினைபுரியும் உலோகத்தில் அது இன்னும் உயர்ந்த வெப்பம் வரை தாங்கியது. அமிலம் உலோகத்தோடு சேர்ந்து அங்கேயே சோப்பாகிவிட்டதால். படலத்தின் வலு கொழுப்பிடம் மட்டும் இல்லை, பரப்பிடம் மட்டும் இல்லை. இரண்டும் சேர்ந்து எடுக்கும் ஒழுங்கில் இருக்கிறது. உருகுதல் என்றால் அந்த ஒழுங்கு குலைவது. ஒரு மூலக்கூறும் உடையாமலே படலம் தோற்றுவிடுகிறது.

லாரி கிரீஸுக்கு வருவோம். விளக்கெண்ணெயை நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜன் ஏற்றினால் அது மெழுகாக உறைகிறது. அதைப் பிரித்தால் பன்னிரண்டு ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம். இரட்டைப் பிணைப்பு போய்விட்டது; ஆனால் பன்னிரண்டாவது கார்பனின் ஹைட்ராக்சில் இருந்த இடத்தில், இருந்த பக்கத்தில் அப்படியே இருக்கிறது. லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் சோப்பு. இந்தச் சோப்பைச் சூடான எண்ணெயில் கரைத்து ஆறவிடும்போது மூலக்கூறுகள் தலையோடு தலை சேர்ந்து, லித்தியத்தை நடுவில் வைத்து, எண்ணெய்ப் பக்கம் வாலை நீட்டி அடுக்காகின்றன. அடுக்கு பக்கவாட்டில் வளரும்போது ஹைட்ராக்சில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நீண்ட நாடாவாகிறது; நாடா முறுக்கேறி நாராகிறது. 1940களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் லித்தியக் கிரீஸுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, காலப்போக்கில், உலகின் பெரும்பாலான வண்டிகள் இந்த வகைக் கிரீஸில்தான் சுழன்றிருக்கின்றன.

அந்த முறுக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பன்னிரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சில் ஒரு குறிப்பிட்ட பக்கம் மட்டுமே தொங்கும்படி ஆமணக்குச் செடி மூலக்கூறைக் கட்டுகிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரியும் மறுபக்க வடிவம் செடியில் கிடையாது, ஆய்வகத்தில் செய்யலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் தச்சிபனாவும் கம்பராவும் 1965இல் இரண்டு வடிவங்களிலிருந்தும் லித்தியச் சோப்பு செய்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு வடிவத்தின் நார் ஒரு பக்கம் முறுக்கேறியது; மறு வடிவத்தின் நார் எதிர்ப்பக்கம் முறுக்கேறியது; இரண்டையும் சமமாகக் கலந்தபோது முறுக்கே இல்லை. வேதிச் சூத்திரம் மூன்றிலும் ஒன்றுதான். எண்ணெயைப் பிடித்து நிறுத்துவதில் நீண்டு முறுகிய நார்தான் சிறந்தது. அது ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், தட்டைத் துண்டுகள் அப்படிச் சிக்காது. வறண்ட காட்டில் ஒரு செடி தன் விதைக்குள் ஓர் அணுக்கூட்டத்தை எந்தப் பக்கம் வைக்கிறது என்பது, எத்தனையோ படிகள் தாண்டி, ஒரு கிரீஸின் இயந்திரக் குணத்தைத் தீர்மானிக்கிறது. இந்தச் சங்கிலியை முழுதும் பின்தொடர்ந்து பார்க்கும் யாருக்கும் வியப்பு வராமல் போகாது. எனக்கு அது வடிந்ததே இல்லை.

இனி அளவுகள். கிரீஸ் தன் எடைக்குத் தானே வழியக்கூடாது. செங்குத்துச் சுவரில் ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் தடிமன் கிரீஸைத் தாங்க, கணக்குப்படி, தொண்ணூறு பாஸ்கலுக்குக் கொஞ்சம் குறைவான எதிர்ப்பு இருந்தால் போதும். நார் வலை அதற்கு மேல், பொதுவாகச் சில நூறு பாஸ்கல் வரை அசையாமல் நிற்கும்; அந்த எல்லையைத் தாண்டினால் திரவம்போல ஓடும். பட்டறையில் கேட்டு வாங்கும் இரண்டாம் நம்பர் கிரீஸின் இலக்கணம் இன்னும் எளிது. இருபத்தைந்து டிகிரியில் ஒரு கூம்பைக் கிரீஸின் மேல் ஐந்து விநாடி இறங்கவிட்டால் அது 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை புதைய வேண்டும். அளப்பதற்கு முன் அறுபது தடவை கிரீஸைப் பிசைந்திருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தப் பிசைதலில்தான் விஷயம் இருக்கிறது. பிசையும்போது நார்கள் அறுகின்றன, நீண்டவை குட்டையாகின்றன, கிரீஸ் இளகுகிறது. விட்டுவைத்தால் அறுந்த முனைகள் மறுபடி பற்றிக்கொண்டு வலை கொஞ்சம் மீள்கிறது. பத்தாயிரம், லட்சம் என்று பிசைந்தாலும் எவ்வளவு இளகுகிறது என்பதே நல்ல கிரீஸுக்கும் மோசமான கிரீஸுக்கும் உள்ள வேறுபாடு. ஹைட்ராக்சில் இல்லாத சாதாரண ஸ்டியரிக் அமிலச் சோப்பு இந்தச் சோதனையில் பின்தங்குகிறது. ஆமணக்குச் சோப்பு நிற்கிறது. ஆமணக்கு நார் அறாமல் இருப்பதில்லை; அறுந்த பிறகு கூடுவதற்கு அதற்கு ஒரு கைப்பிடி கூடுதலாக இருக்கிறது.

இதையே இன்னும் சுத்தமாகக் காட்டுவது முட்டை. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் வெளியேறும் முட்டைகளின் மஞ்சள்கருவில் லெசித்தின் என்ற கொழுப்பு இருக்கிறது. 1960களில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் அலெக் பாங்ஹம், லைப்போசோம் எனப்படும் கொழுப்புப் பைகளை முட்டை லெசித்தினிலிருந்தே உருவாக்கி ஆராய்ந்தார். அந்தப் பைகளை அப்ரகத் தகட்டின் மேல் விட்டால் உடைந்து பரவி, நான்கைந்து நானோமீட்டர் தடிமனில், இரண்டு மூலக்கூறு அடுக்குக் கம்பளமாகப் படிகின்றன. அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் அதை அழுத்தினால் முதலில் சற்று அமுங்கி எதிர்க்கிறது. சில நானோநியூட்டன், கலவையைப் பொறுத்துச் சில பத்து நானோநியூட்டன் விசையில் ஊசி பொத்துக்கொண்டு இறங்குகிறது. கொலஸ்ட்ரால் சேர்த்தால் துளைக்கக் கூடுதல் விசை வேண்டும். ஊசியை எடுத்ததும் ஓட்டை மூடிக்கொள்கிறது. திரவ நிலையிலுள்ள இருபடலம் தன் பரப்பில் சில சதவீதம் நீண்டாலே கிழிந்துவிடும். இழுவைக்கு அவ்வளவு மெலிந்தது. ஆனாலும் உயிரணு ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட படலத்துக்குள்தான் வாழ்கிறது. நீரில் தலை வெளியே, வால் உள்ளே. கிரீஸின் எண்ணெயில் தலை உள்ளே, வால் வெளியே. ஒரே கட்டட விதி, உள்ளும் புறமும் மாறியிருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது பேரிங் பொறியாளர்களிடமிருந்து வருகிறது. ரோலருக்கும் தடத்துக்கும் இடையே உண்மையில் பாரம் தாங்குவது எண்ணெய்ப் படலம். சோப்பு நார் அந்த எண்ணெயைத் தேக்கிவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறது, அவ்வளவுதான் என்பார்கள். வேகமாக ஓடும் பேரிங்கைப் பொறுத்தவரை இது ஏறக்குறைய சரி. தொடும் இடத்தில் அழுத்தம் ஒரு கிகாபாஸ்கல் அளவுக்கு, வளிமண்டலத்தைப் போலப் பத்தாயிரம் மடங்குக்குப் போகிறது. அதில் நார் என்ன செய்துவிடும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் குறைந்த வேகத்தில் படலத் தடிமனை அளந்தவர்கள் கண்டது வேறு. எண்ணெய் மட்டும் இருந்தால் வரவேண்டிய தடிமனைவிடக் கிரீஸின் படலம் அங்கே தடித்திருந்தது. நார்த் துண்டுகளே தொடும் இடத்துக்குள் இழுபட்டு உலோகத்தில் படிகின்றன. பாரம் ஏற்றி நின்ற லாரி நகரத் தொடங்கும்போது பேரிங் இந்த வேகத்தில்தான் இருக்கிறது. நிற்கும் நேரத்தில் எண்ணெய் நசுங்கி விலகியிருக்கும். முதல் சுற்றில் எஃகுக்கும் எஃகுக்கும் இடையே இருப்பது பரப்பில் ஒட்டிய படலம்தான். தேக்கிவைப்பது சில்லறை வேலை என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. அந்தத் தேக்கத்தின் இயந்திரக் குணம் கெட்டால் எண்ணெய் ஒரே நாளில் ஹப்பை விட்டு வெளியேறி பிரேக் லைனிங்கில் இறங்கும்.

அறுவதுதான் குறை என்றால் அறாதபடி வலுவான வேதிப் பிணைப்பால் ஒரு வலையைக் கட்டிவிடலாமே என்றும் கேட்கலாம். கட்டலாம். அப்படிக் குறுக்கே பிணைத்த ரப்பர்போன்ற வலையை ரோலர் ஒருமுறை வெட்டினால் வெட்டுப்பட்டதுதான். துண்டுகள் மறுபடி சேரா. அறுபடுவது நிச்சயம் என்கிற இடத்தில் அறுபடுவதற்கான எதிர்ப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போவது பயன் தராது. கூடுகிற வேகம் அறுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கிறதா என்பதே கணக்கு. அந்த ஈடும் எல்லையற்றதல்ல. பிணைப்பு பலவீனம் என்பதால் வெப்பம் ஏறினால் கூடும் வேகத்தைவிடக் கலையும் வேகம் மிஞ்சும். இறக்கத்தில் பிரேக் பிடித்தே வரும் வண்டியின் ஹப் எவ்வளவு சூடேறும் என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும். லித்தியக் கிரீஸ் நூற்றெண்பது, இருநூறு டிகிரி அளவில் சொட்டத் தொடங்கிவிடும். அதற்கு வெகு முன்பே எண்ணெய் ஆவியாகியும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் கெடும். பலவீனத்துக்கு இந்த விலை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு பேச்சு எதிர்ப்பாக இல்லாமல் பாராட்டாகவே வரும்: வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் கலந்த நம் முன்னோருக்கு நானோ அறிவியல் அன்றே தெரியும் என்பது. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். மறுப்பது அவர்களைச் சிறுமைப்படுத்த அல்ல. எந்த எண்ணெய் இருசில் நிற்கும், எது ஒழுகும் என்பதைப் பல தலைமுறை ஓட்டத்தில் அறிந்து தேர்ந்தது உண்மையான அறிவு. கரியைச் சேர்த்து எண்ணெயைக் கட்டி நிறுத்தியதும், திடப்பொருள் ஒன்று எண்ணெயைப் பிடித்துவைக்க வேண்டும் என்ற கிரீஸின் அடிப்படையை எட்டியதுதான். ஆனால் கரித்துகள் பெரியது. சோப்பு நாரைப்போலத் தானாகக் கோத்துக்கொள்ளும் திறன் அதற்கு மிகக் குறைவு. நெல் வைக்கோலில் சிலிக்காவும் உண்டு, அது இரும்பைத் தேய்க்கும். மூலக்கூறு எப்படி நிற்கிறது என்று தெரிந்த பிறகே, எண்ணெயாக இருந்த ஆமணக்கை எண்ணெயைத் தாங்கும் நாராக மாற்ற முடிந்தது. அந்தப் படி நம் வண்டிப்பேட்டையில் நிகழவில்லை. தொட்டியும் நுண்ணோக்கியும் வைத்திருந்தவர்களிடம் நிகழ்ந்தது. ஊர்ப்பெருமைக்காக இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது, அதில் பெரும்பங்கு குஜராத்தில். சங்ககிரி லாரியின் ஹப்பில் இருக்கும் நார் ஏத்தாப்பூர்க் காட்டிலிருந்து வந்திருப்பதைவிட மேசாணாப் பக்கமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தக் கட்டமைப்பு அறிவு ஆய்வகத்தோடு நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் அதற்கு நாளாந்த விலை இருக்கிறது. கிரீஸை நிறம் பார்த்து வாங்குவது எங்கும் உள்ள பழக்கம். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் தயாரிப்பாளர் போடும் சாயம். உள்ளே என்ன நார் என்பதை நிறம் சொல்லாது. இரண்டு விரலுக்கிடையே வைத்துப் பிரித்து நூல் இழுக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. அந்த நூல் பெரும்பாலும் எண்ணெயின் தடிப்பையும் ஒட்டுவதற்காகச் சேர்த்த பாலிமரையும் காட்டுகிறது; சோப்பு நாரின் தாங்கும் திறன் விரலுக்கு எட்டாது. ஆபத்து கலப்பதில்தான் அதிகம். லித்தியக் கிரீஸ் இருந்த ஹப்பில், பழையதை முழுதும் துடைக்காமல், களிமண் கிரீஸையோ பாலியூரியா கிரீஸையோ கிரீஸ் கன்னால் அடித்தால் இரண்டு வலைகளும் ஒன்றையொன்று குலைத்துவிடக்கூடும். தனித்தனியே நல்லவையான இரண்டும் சேர்ந்து, கடைசியில் இரண்டையும்விட இளகிய ஒரு கூழாகி வழியும். நம்பர் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும். கூம்பு எவ்வளவு புதைகிறது என்பது மட்டும் போதும், நார் எதற்கு என்பவர்களுக்கு இதுவே பதில்.

பேட்டரிக்காக லித்தியத்துக்கு எழுந்த போட்டியால் அதன் விலை தாறுமாறாக ஏறியிறங்கிய பிறகு, கிரீஸ் செய்வோர் கால்சியம், பாலியூரியா வகைகளுக்கு நகர்ந்து வருகிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பட்டறைக்கு வரும் டப்பாக்களில் இந்த வகைகள் கலந்தே வரும். கலப்புத் தவறுகளும் அதோடு கூடும். லித்தியம் குறைந்தாலும் ஆமணக்கு போய்விடாது. நீர் நீக்கிய கால்சியக் கிரீஸிலும் அதே பன்னிரண்டு ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம்தான் நாராகிறது. உலோக அயனி மாறும்போது நாரின் நீளமும் முறுக்கும் சொட்டும் வெப்பமும் மாறுகின்றன. டப்பாவின் மேல் நம்பரும் நிறமும் விளம்பரப் படமும் இருக்கும் இடத்தில், உள்ளே இருப்பது எந்தச் சோப்பு, எதோடு கலக்கக் கூடாது என்று இரண்டு வரி தமிழில் அச்சிடச் செலவு ஒன்றும் ஆகாது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் உள்ள லாரி உரிமையாளர் சங்கங்கள் எண்ணெய் நிறுவனங்களிடம் கேட்டுப் பெறக்கூடிய காரியம் இது.